பங்குக் கிணற்றில் ஒரு கோழி

முட்டையிடுகிற ஒரு பேட்டுக் கோழியைப் பனையோலைக் கடகத்துக்குள் இருத்தி, கயிறு கட்டி, பட்டப்பகலில் தோட்டக் கிணறு ஒன்றுக்குள் இறக்கியவன் நான். கோழி என்னுடையதல்ல. உரியவவிடம் கேட்கவும் இல்லை. கேட்க நேரமிருக்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டா என்பது அதைவிடப் பெரிய உண்மை. நிலத்துக்கடியில் காற்றோட்டமும் வாயுவும் சோதிக்கத் தகுதியுள்ளவர் என்று வெள்ளைக்காரர் கையெழுத்து வைத்துத் தந்த இரண்டு சான்றிதழ்கள் எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகின்றன. இரண்டிலும் கோழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவுஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்தில் ஓர் உலோகச் சுரங்கத்தில் வேலை பார்த்தேன். மனைவியின் சொந்தக்காரர் என்னைச் ‘சுரங்க எஞ்சினியர்’ என்பார்கள். நானும் ஒருநாளும் திருத்தியதில்லை. எஞ்சினியர்கள் மேலே குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, எந்தக் குகைக்கு எவ்வளவு காற்றுப் போகவேண்டும் என்று கடதாசியில் கீறுவார்கள். கீறிய காற்று உண்மையிலேயே அங்கே போய்ச் சேர்ந்ததா என்று நடந்து பார்த்துவிட்டு வருகிறவன் நான். காற்று வராத இடத்துக்கு ஆளை விடக்கூடாது. பாறையை வெடிவைத்துத் தகர்த்த பிறகு, உள்ளே நின்ற புகையும் வாயுவும் வெளியேறிவிட்டன என்று என்போல் ஒருத்தன் பெட்டியோடு போய்ப் பார்த்துச் சொல்லும்வரை, லொறிக்காரனும் துளைக்காரனும் வெளியே குந்திக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ‘இன்னும் இல்லை’ என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய மனிதன் நான். கலியாண வாழ்க்கைக்கு அது நல்ல பயிற்சி இல்லை.

பெட்டி என்றது கைக்கடக்கமான வாயு மானியை. நெஞ்சில் கொழுவிக்கொள்வது. கெட்ட வாயுவைக் கண்டால் அலறும். ஆனால் ஒவ்வொரு நாளும் கீழே இறங்குமுன் அதற்கு ஒரு சிறிய உருளையிலிருந்து நச்சு வாயுவை ஊட்டிப் பார்க்கவேண்டும். ஊட்டும்போது அலறினால் பெட்டி உயிரோடிருக்கிறது. பேசாமல் இருந்தால் செத்துவிட்டது. செத்த பெட்டியைக் கொண்டுபோவதைவிட வெறுங்கையோடு போகலாம். ஏனென்றால் செத்த பெட்டி எந்தக் காற்றையும் நல்ல காற்று என்றுதான் சொல்லும். இதைப் புதிதாக வருகிற பெடியளுக்கு விளக்கும்போது, ‘முந்திய காலத்தில் சின்னக் குருவியைக் கூண்டோடு கொண்டுபோவார்கள், குருவி விழுந்தால் ஆள் ஓடவேண்டும், நல்லகாலம் இப்போது நாங்கள் நாகரிகமடைந்துவிட்டோம்’ என்று சேர்த்துச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சுரங்கத்தை மூடினார்கள். பிள்ளைகளுக்கு அவரவர் கதவும் அவரவர் திறப்பும் வந்துவிட்டன. ஊரில், பண்டத்தரிப்புப் பக்கம், மனைவிக்குச் சீதனமாய் வந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஆறு மாதம் இருந்து பார்ப்போம் என்று வந்தோம். அவளுக்கு வந்த மறுநாளே ஊர் பிடித்துவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எப்படிக் கொள்ளும்? மலை என்ற பேச்சுக்கே இடமில்லாத தட்டை நிலம். ஏறக்கூடிய உயரம் தண்ணீர்த் தாங்கி, இறங்கக்கூடிய ஆழம் கிணறு. அவற்றுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் காற்று, ஒருவரும் சோதிக்காத காற்று. கதிரையில் இருந்தால் கால் தானாக ஆடும். எழும்பி முற்றத்துக்குப் போவேன், முற்றத்திலிருந்து கேற்றுக்கு, கேற்றிலிருந்து திரும்பவும் கதிரைக்கு. ஒரு நாள் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாய்ப் போய்ப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். குசினிப் புகை சாமியறைக்கும், சாமியறைப் புகை படுக்கையறைக்கும் வருவதைக் கண்டுபிடித்து, ஒரு யன்னலைக் கழற்றி மற்றப் பக்கம் வைத்தால் எல்லாம் சரிவரும் என்று மனைவியிடம் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் அவள், சாம்பிராணிக்குத் தணல் எடுத்தபடி. “இது வீடு. எலி வளை இல்லை. யன்னல்லை கை வைச்சால் நான் தம்பி வீட்டை போயிடுவன்.”

தம்பி என்றது என் மச்சானை. நாலு வீடு தள்ளி இருக்கிறான். தோட்டம்தான் தொழில். வெங்காயம், மிளகாய், ஒரு போகம் புகையிலை. வந்த புதிதில் பின்னேரங்களில் என்னோடு வந்து கதைத்துக்கொண்டிருப்பான். சுன்னாகத்துக் கலியாணத்துக்குப் பிறகு அது நின்றுபோனது.

அந்தக் கலியாணத்தையும் சொல்லத்தான் வேண்டும். சுரங்கத்தை மூடியபோது பழைய பெட்டிகளைக் கழித்து ஒதுக்கினார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நெஞ்சில் அந்தப் பாரம் இல்லாவிட்டால் சட்டை போட்டதுபோலவே எனக்கு இல்லை. பட்டுவேட்டி கட்டிக்கொண்டு கலியாணத்துக்குப் போகும்போதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பந்தியில் இருந்தோம். ‘வாகனத்தைப் பாத்திட்டு வாறன்’ என்று மண்டபத்துக்குப் பின்பக்கம் போயிருந்த மச்சான் திரும்பிவந்து பக்கத்தில் இருந்தான். என் பக்கம் சரிந்து, “அத்தான், பாயாசம் வந்திட்டுதோ?” என்றான்.

பெட்டி அலறியது.

பதினைந்து வருடப் பழக்கம் மனிதனை விடுமா? எழும்பி நின்று, “எல்லாரும் வெளியிலை! காத்து வாற பக்கமாப் போங்கோ!” என்று கத்தினேன். காத்து எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று ஒருவருக்கும் தெரியாது. வாழையிலைகளை விட்டுவிட்டுச் சனம் வாசலுக்கு ஓடியது. மணப்பொம்பிளையின் பெரியம்மா ஒருத்தி சோற்றுத் தாம்பாளத்தோடு ஓடினா. வெளியே போய் நின்று மூச்சு வாங்கியபிறகுதான் எனக்கு விளங்கியது. இந்த வகைப் பெட்டிக்குச் சாராய ஆவியும் அந்த நச்சு வாயுவும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. விளங்கியதை மனதுக்குள் வைத்திருந்தால் நான் நானாக இருந்திருக்கமாட்டேன். அத்தனை பேருக்கும் கேட்கச் சத்தம்போட்டு விளக்கினேன். எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். கடைசியாக அவன் பெண்சாதியும் பார்த்தா.

அன்றிலிருந்து மச்சான் என்னோடு ஒற்றைச் சொல்லில் கதைத்தான். மனைவி பெட்டியைப் பறித்து அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்தாள். ஊரில் யாராவது புட்டுப் பானையைத் திறந்து ஆவி வந்தாலே, “கவனம், அவுஸ்ரேலியாக்காரன் பெல் அடிக்கப்போறார்” என்பதாகக் கதை.

இனிக் கிணறு. மச்சானின் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. சில குடும்பங்களுக்குச் சொந்தம். நாளையும் பொழுதையும் முறைவைத்துப் பிரித்துத் தண்ணீர் இறைப்பார்கள். உங்கள் முறை தவறினால் தவறியதுதான். சுற்றுப் போய் வர ஒரு கிழமைக்கு மேலாகும். தண்ணி மிசினும் பங்கு மிசின்தான், மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெயும் குழாயும் அவரவருடையது.

மாரியில் மிசின் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆவணி பிறந்து தண்ணீர் கீழே போய்விட்டால், மேலே நிற்கிற மிசினால் அதை உறிஞ்சி எடுக்க ஏலாது. ஆகவே தண்ணீர் இறங்க இறங்க மிசினையும் இறக்குவார்கள். வெள்ளைக்கல்லைக் குடைந்து வெட்டிய அந்தக் கிணற்றில் பாதிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டில் மிசினைக் கட்டி வைத்துவிட்டு, கல்லில் வெட்டிய படிகளால் ஆள் இறங்கி, மண்ணெண்ணெய் விட்டு, கயிறிழுத்து முடுக்கிவிட்டு ஏறி வரும். மிசின் உள்ளேயே நின்று புகைவிட்டுக்கொண்டு ஓடும். நான் வேலை செய்த இடத்தில் ஒருத்தன் ஓர் எஞ்சினைக் காற்றோட்டமில்லாத குழிக்குள் இறக்கி ஓடவிட்டிருந்தால், அன்று பின்னேரமே சூட்கேசைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இங்கே அதன் பெயர் தோட்டம் செய்வது.

அந்த நாள் மத்தியானம் நான் வீட்டுக்குள் ஏழெட்டுத் தரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தபிறகு, மனைவி ஒரு சோற்றுப் பார்சலைக் கட்டி என் கையில் தந்தாள். “தம்பி தோட்டத்திலை நிக்கிறான். குடுத்திட்டு அங்கையே நில்லுங்கோ. பின்னேரம் வாங்கோ.” சட்டை மாற்றப் போன சாட்டில் சீலைகளுக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. கை போனது.

நான் போய்ச் சேரவும் கிணற்றுக்குள் மிசின் இரண்டு தரம் இருமிவிட்டு நிற்கவும் சரியாக இருந்தது. விடியலிலிருந்து மத்தியானம்வரை பக்கத்துத் தோட்டத்து அக்காவின் முறை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவ, புருஷன் இல்லை, தனியாகவே தோட்டம் செய்கிறவ. காலையில் அவவுக்காக மிசினை முடுக்கிவிட்டது மச்சான்தான். இப்போது அவவுடைய மண்ணெண்ணெய் முடிந்து மிசின் நின்றிருந்தது. அவ தன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தா. அவவுடைய இரண்டு பேட்டுக் கோழிகள் வரம்பில் கிளறிக்கொண்டு நின்றன. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டி, மண்ணெண்ணெய்க் கானைத் தோளில் கொழுவிக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஒரு காலை வைத்திருந்தான்.

“கொஞ்சம் பொறும்,” என்றேன்.

“ஏன்?”

“இவ்வளவு நேரமும் மிசின் உள்ளுக்கை ஓடினது. காத்து மாறவேணும். ஒரு மணித்தியாலம் விடும்.”

மச்சான் காலை எடுக்கவில்லை. தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினான். வெங்காயத் தாள்கள் நுனி கருகி, மண்ணில் பொருக்கு வெடித்துக் கிடந்தது. “போன முறை ஒரு செத்தவீட்டாலை போச்சு. இந்த முறையும் போனால் உவ்வளவும் வைக்கல். பொழுதுபடேக்கை என்ரை முறை முடிஞ்சிடும். ஒரு மணித்தியாலமாம்!”

“எத்தினை வருசமா உப்பிடித்தான் இறங்கிறான் தம்பி,” என்றா அக்கா, குழாயை விடாமல். “நீங்கள் சுரங்கத்திலை இருந்தனீங்கள். இது கிணறு. மேலை வாய் திறந்துதானே கிடக்கு.”

“மிசின் புகையிலை வாறது பாரமில்லாத நச்சு வாயு அக்கா, காத்தோடை கலந்து நிக்கும். நிறமில்லை, மணமில்லை. பள்ளிக்கூடத்திலை காபனோரொட்சைட்டு எண்டு பாடமாக்கினமே...”

“நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டிட்டன்,” என்றா அவ.

மச்சான் பெருமூச்சு விட்டான். என்ன இருந்தாலும் நான் அவனுடைய கூடப்பிறந்த அக்காவின் புருஷன். கொட்டிலுக்குப் போய் அரிக்கன் லாம்பைக் கொண்டுவந்து கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினான். பாழ்கிணறு இறைக்கும்போது எங்கள் பக்கத்தில் செய்கிற வழக்கம்தான். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். மிசினுக்குப் பக்கத்தில் தட்டில் இருந்துகொண்டு லாம்பு வெகு வடிவாக எரிந்தது.

“கண்டியளோ?” என்றான்.

“விளக்கு காத்திலை ஒட்சிசன் இருக்கோ எண்டுதான் பாக்கும். ஒட்சிசன் கிடக்கு. இந்த வாயு ரத்தத்தைத்தான் பிடிக்கும். விளக்குக்கு ரத்தம் இல்லை, அது எரியும். உமக்கு ரத்தம் இருக்கு.”

இது நான் நினைத்த அளவுக்கு எடுபடவில்லை. வேறு வழியின்றிப் பெட்டியை வெளியே எடுத்தேன். மச்சானின் முகம் அன்றைய கலியாண மண்டபத்து முகமாகியது.

“உதை இஞ்சையும் கொண்டு வந்திட்டியளோ? நான் இண்டைக்கு ஒண்டும் குடிக்கேல்லை.”

பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். சத்தமில்லை. இழுத்தெடுத்துப் பார்த்தேன். பூச்சியம். விளக்கும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது, பெட்டியும் சொல்லிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஊருக்கு வந்தபிறகு ஒருநாளும் பெட்டிக்கு வாயு ஊட்டிப் பார்க்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு மாதக்கணக்காகச் சீலைக்கடியில் கிடந்தது. மச்சானின் மோட்டச்சைக்கிளை உதைத்து முடுக்கி, புகைக்குழாய்க்கு நேரே பெட்டியைப் பிடித்தேன். கறுப்பும் நீலமுமாகப் புகை வருகிறது, பெட்டி பூச்சியம் என்கிறது.

“பாரும்!” என்றேன், ஏதோ வென்றுவிட்டவன்போல. “செத்துப்போச்சு! உது சொல்லுறதை நம்பேலாது!”

“அப்ப உங்களுக்கு என்னண்டு தெரியும் உள்ளுக்கை வாயு நிக்குதெண்டு?”

நியாயமான கேள்வி. மேல்நாட்டில் என்றால் இதற்கு ஒரே பதில்தான், வேறு பெட்டி கொண்டுவா. இங்கே வேறு பெட்டி என்றால் சமுத்திரம் கடக்கவேண்டும். மச்சான் கானைத் திரும்பத் தோளில் போட்டான். படி தொடங்குகிற இடத்தில் போய்க் கிணற்றுக்கட்டில் குந்தினேன். சொல்லிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். அவன் மற்றப் பக்கத்தால் கயிற்றைப் பிடித்து இறங்கலாமா என்று பார்த்தான். என் கண் வரம்புப் பக்கம் போனது. அங்கே, என்னுடைய படிப்பும் நாகரிகமும் கைவிட்ட இடத்தில், ஒரு சிவப்புப் பேடு புழு தின்றுகொண்டு நின்றது.

கோழி பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்கே விபரிக்கத் தேவையில்லை. ஐம்பது வயது தாண்டியவன் சாரத்தோடு வெங்காயப் பாத்திக்குள் ஓடினால் எப்படி இருக்கும் என்பதையும். மச்சான் இறங்குவதையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா, “ஐயோ தம்பி, என்ரை பேடு! முட்டை போடுற பேடு!” என்று கத்திக்கொண்டு வந்து சேருமுன், நான் அதைக் கடகத்துக்குள் அமத்தி, மேலே ஒரு சாக்கைக் கட்டி, கப்பிக் கயிற்றில் மாட்டி இறக்கிவிட்டேன்.

“மெய்யே அத்தான், உங்களுக்கு விசரோ?” என்றான் மச்சான். அவன் உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

கடகம் தட்டில் முட்டி ஒருபக்கம் சரிந்தது. சாக்கு அவிழ்ந்தது. சுரங்கத்தில் நான் போட்ட முடிச்சு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. பேடு வெளியே பாய்ந்து, செட்டையை உதறி, மிசினின் மேலே ஏறி நின்றுகொண்டு எங்களை அண்ணாந்து பார்த்துக் கொக்கரித்தது.

இப்போது என் நிலைமையைக் கவனியுங்கள். ஒருத்தன் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது என்பதற்காக இவ்வளவும் செய்தவன், அவன் இறங்குவதற்கு இன்னொரு காரணத்தையும் கீழே இறக்கிவிட்டேன்.

“தம்பி, கெதியா இறங்கி என்ரை பேட்டை எடுத்துத் தா,” என்றா அக்கா மச்சானிடம். “உவர் தள்ளிவிட்டிட்டார்.”

“அது சுகமாத்தானே நிக்குது,” என்றான் மச்சான் என்னிடம். “விளக்கு எரியுது. பெட்டி கத்தேல்லை. கோழி கத்துது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

“கொஞ்ச நேரம். ஒரே ஒரு சுருட்டுக் குடிக்கிற நேரம். அதுக்குப் பிறகும் கோழி நிண்டால் நானே உம்மோடை இறங்கிறன். இனி வாழ்நாளிலை காத்தைப் பற்றிக் கதைக்கமாட்டன்.”

அந்தக் கடைசி வாக்குறுதிதான் அவனைப் பிடித்தது என்று நினைக்கிறேன். அப்படியும் அவன் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. என்னைத் தாண்டி ஒரு காலைக் கட்டுக்கு உள்பக்கம் போட்டு, முதல் படியில் ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுடைய சாரத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெயில் முதுகில் எரிந்தது. பேடு கொக்கரித்துக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் அதைப் பார்த்து இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டேன். விழுந்துவிடு என்றும், விழுந்துவிடாதே என்றும்.

பிறகு அது கொக்கரிக்காமல் நின்றது. சும்மா களைத்து நிற்பதுபோலத்தான் இருந்தது. மிசினின் மேலே குந்தியது. அக்கா, “பா... பா...” என்று மெல்லக் கூப்பிட்டா. அது தலையைத் தூக்கவில்லை. கழுத்து கொஞ்சம் கொஞ்சமாய் ஒரு பக்கம் சரிந்தது, நித்திரை தூங்கும் ஆளின் கழுத்தைப்போல. அலகு திறந்தது. செட்டையைக்கூட அடிக்காமல், அப்படியே பக்கவாட்டில் உருண்டு, தட்டின் விளிம்பால் தண்ணீருக்குள் விழுந்தது. சின்னச் சத்தம்தான்.

அரிக்கன் லாம்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மச்சான் உள்ளே போட்ட காலை வெளியே எடுத்தான். மெதுவாக, கையால் தூக்கி எடுப்பதுபோல எடுத்தான். பிறகு கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கி மண்ணில் குந்தி, மடியிலிருந்து சுருட்டை எடுத்து வாயில் வைத்தான். நான் கொளுத்திக் கொடுத்தேன்.

ஒரு இழுவை இழுத்ததும் சுருட்டை அவன் வாயிலிருந்து பறித்தேன். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான். தெற்குப் பக்கமிருந்து மெல்லிய காற்று. மச்சான் வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற மிசின் ஒன்று கொட்டிலில் கிடந்தது, முதுகில் கொழுவிக்கொண்டு காற்றை ஊதி அடிப்பது. மருந்தில்லாமல் அதைக் கிணற்றுக்குத் தெற்கே தள்ளி வைத்தோம், தன் புகையையும் கிணற்றால் வெளியேறுகிற வாயுவையும் திரும்பக் குடிக்காதபடி. அதன் வாயில் அக்காவின் தண்ணீர்க் குழாயை வைத்து, சைக்கிள் ரியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டி, மற்ற நுனியைக் கிணற்றின் அடிமட்டும் விட்டோம். முடுக்கியதும் சப்பையாய்க் கிடந்த குழாய் ஊதி உருண்டு எழும்பியது. அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. சுரங்கத்து மஞ்சள் துணிக்குழாய்களும் காலையில் விசிறியைப் போட்டதும் இப்படித்தான் ஒவ்வொரு முழமாக எழும்பும். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் ‘இன்னும் இல்லை’ என்றபோதெல்லாம் மச்சான் திரும்பிப் போய்க் குந்தினான். குழாய் அக்காவுடையது என்றபடியால் அவவும் வீட்டுக்குப் போகமுடியாமல் இருந்தா. கட்டிக் கொண்டுவந்த சோற்றை ஒருவரும் தொடவில்லை. வெயில் சாயத் தொடங்கியபிறகு, இடுப்பில் கயிறு கட்டி, மறு நுனியைப் பூவரசில் சுற்றி நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் இறங்கினான். ஒவ்வொரு படிக்கும், “கதையும்! கதையும்!” என்று கத்தினேன். “கதைக்கிறன், கதைக்கிறன்” என்று அவன் கதைத்துக்கொண்டே போனான். மிசின் ஓடத் தொடங்கியது, அவனும் ஏறி வந்தான். பொழுதுபடுமுன் பாதி வெங்காயத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. மற்றப் பாதி அந்த முறையில் தப்பவில்லை.

அடுத்த நாள் காலை மச்சான் வீட்டுக்கு வந்தான், கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. நான் முற்றத்துக்கும் கேற்றுக்குமாய் நடந்துகொண்டிருந்தேன். அவனும் இருக்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து நடந்தான்.

“அத்தான், உண்மையா மணமே இல்லையோ அதுக்கு?”

“இல்லை.”

“நெஞ்சு அடைக்காதோ? இருமல் வராதோ?”

“வராது. கொஞ்சம் தலையிடி. பிறகு நித்திரை மாதிரி.”

கேற்றடியில் நின்றான். “போன வருசம் ஒருநாள் கீழை நிக்கேக்கை எனக்கு நல்லா நித்திரை வந்தது,” என்றான். “முதல்நாள் நித்திரை முழிச்சது எண்டு நினைச்சன்.”

வீட்டுக்குள்ளிருந்து மனைவி, “ஒரு விசர் காணாதெண்டு ரெண்டாவதும் வந்திட்டுதோ?” என்றாள். ஆனால் இரவு அவள் தம்பி வீட்டுக்குப் போய் அவன் சாப்பிடும்மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்ததை நான் அறிவேன்.

பங்குக்காரர் கூடிக் கதைத்தார்கள். மிசினைக் கீழே இறக்காமல் இருக்க வழியில்லை, தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஓடி நின்ற மிசினுக்கு ஆள் இறங்குமுன் காற்றூத வேண்டும், எவ்வளவு நேரம் என்று நான்தான் சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. ஆகவே எனக்குத் திரும்பவும் வேலை கிடைத்திருக்கிறது. முறை மாறும் நேரமெல்லாம் போய் நிற்கிறேன், ‘இன்னும் இல்லை’ என்கிறேன், திட்டு வாங்குகிறேன். நாலு பக்கத்தாலும் நல்ல காற்று வீசுகிற இந்த ஊரில் அந்த ஒரு குழியைப் பற்றிய யோசனையோடு கதிரையில் இருக்கிறேன், அல்லது இருக்கப் பார்க்கிறேன். கால் இன்னும் ஆடுகிறது.

கோழிக் கடன் ஒன்று பாக்கி இருந்தது. சுன்னாகத்துச் சந்தைக்குப் போய், முட்டையிடுகிற பேடு என்று வியாபாரி தன் தலையில் அடித்துச் சொன்ன ஒரு சிவப்புப் பேட்டை வாங்கி, கடதாசிப் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்து அக்காவின் படலையில் நின்றேன். வழிநெடுக ஒரு சின்னப் பேச்சு ஆயத்தம் பண்ணியிருந்தேன். ஓர் உயிர் போய் ஓர் உயிர் நின்ற கதை. கொஞ்சம் உருக்கமாகவும் இருந்தது.

அக்கா பேட்டை வாங்கி, தூக்கிப் பிடித்து, வயிற்றைத் தடவிப் பார்த்தா. என் பேச்சின் முதல் வரியை நான் தொடங்கினேன்.

“அது சரி தம்பி,” என்றா அவ. “இனிமேல் காத்துப் பாக்கிறதெண்டால் சாவலைப் பிடியுங்கோ. என்ன, அது முட்டையே போடப்போகுது?”